நால்வரி அரணை: சொல் விளக்கம்

மெக்சிகோவின் வடகிழக்கிலும் அதையொட்டிய தெற்கு டெக்சாசிலும் வாழும் பிளெஸ்டியோடான் டெட்ராகிராமஸ் என்ற உயிரியை 'நான்கு கோட்டுப் பல்லி' என்று எழுதினால் இரண்டு இடங்களில் பிசகும்.

முதல் பிசகு 'பல்லி'. பல்லி, ஓணான், உடும்பு, அரணை என்று தமிழில் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த வழவழப்பான செதில்கள், மினுமினுக்கும் உடல், குட்டைக் கால்கள் என்றிருந்தால் அது அரணைதான். மலையாளத்திலும் 'அரண' என்றே வழங்குகிறது. 'அரணை கடித்தால் மரணம்' என்பது வெறும் அச்சம். அரணைக்கு நஞ்சு கிடையாது.

அடுத்தது 'கோடு'. கிரேக்கத்தில் டெட்ரா என்றால் நான்கு, கிரம்மே என்றால் கோடு. ஆனால் விலங்கின் மேலுள்ள கோட்டைத் தமிழ் 'வரி' என்கிறது: வரிப்புலி, வரிக்குதிரை. இந்தச் சொல் உறவினங்களின் பெயர்களுக்கும் கைகொடுக்கும். பைலினியேட்டஸ் இருவரி அரணை, மல்டிலினியேட்டஸ் பல்வரி அரணை. டெட்ராகிராமசின் துணையினமான பிரெவிலினியேட்டசைக் குறுவரி அரணை எனலாம்.

நான்கு வரிகளும் வெளிர்நிறம். பக்கத்துக்கு இரண்டு: ஒன்று முதுகின் ஓரத்தில், மற்றொன்று உதட்டிலிருந்து காதைத் தொட்டு விலாவில். இரண்டுக்கும் நடுவே கரும்பட்டை. நடுமுதுகில் வெளிர்வரி இருக்காது. இருந்தால் ஐவரி அரணையின் பக்கம் தேட வேண்டும். வரி முடியும் இடத்தையும் பார்க்க வேண்டும். நால்வரியில் பின்னங்காலுக்குச் சற்று முன்பு, இடுப்பருகே நின்றுவிடும். குறுவரியில் தோள் பக்கத்திலேயே மங்கிவிடும். மேற்கே சொனோரா மலைகளில் உள்ள காலிசெஃபாலசுக்குத் தலையில் ஒய் வடிவ வெளிர்க்குறி உண்டு. முன்பு இதையும் துணையினமாகவே வைத்திருந்தார்கள். இப்போது பலர் தனி இனமாகக் கொள்கிறார்கள்.

பலர் தடுமாறுவது நீல வாலில்தான். பிளெஸ்டியோடான் பேரினத்தின் பல இனக் குஞ்சுகளுக்கும் அந்த நீலம் பொது. வளர வளர மங்கும், சாராயத்தில் பாதுகாத்த மாதிரிகளிலும் போய்விடும். வால் அறுந்து முளைத்தால் பழைய நிறம் திரும்பாது. ஆகவே நிறத்தை வைத்து இனத்தை முடிவு செய்யக் கூடாது. நடுமுதுகிலிருந்து செதில் வரிசைகளை எண்ணி, வெளிர்வரி எத்தனையாவது வரிசையில் ஓடுகிறது என்று குறித்துக்கொள்வதே உறுதியான வழி. மெக்சிகோவின் சாட்டைவால் ஓணான் குஞ்சுக்கும் வரியும் நீல வாலும் உண்டு, ஆனால் அதன் முதுகுச் செதில் மணல்போல் பொடியாகவும் வயிற்றுச் செதில் பெரிய செவ்வகமாகவும் இருக்கும். கையில் எடுக்கும்போது வாலைப் பிடிக்கவே கூடாது, கழன்றுவிடும்.

பேரினப் பெயரான பிளெஸ்டியோடானுக்கு 'மிகப் பல பற்கள் உடையது' என்று பொருள். 1859-இல் அமெரிக்க விலங்கியலாளர் ஸ்பென்சர் பேர்ட் நால்வரி அரணை இனத்தை விவரித்தபோது வைத்ததும் இதே பெயர்தான். பிறகு நெடுங்காலம் யூமெசெஸ் என்ற பெரும் பேரினத்துக்குள் அடங்கியிருந்தது. அப்பேரினம் ஒரே மூதாதையிலிருந்து வந்ததல்ல என்று தெரிந்து பிரிக்கப்பட்டபோது, 2005 வாக்கில் வட அமெரிக்க அரணைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிளெஸ்டியோடான் என்ற பெயர் மீண்டும் வந்தது. இனம் முதலில் வைக்கப்பட்ட பேரினத்திலேயே இன்றும் இருப்பதால் அறிவியல் பெயருக்குப் பின்னால், விவரித்தவர் என்று பேர்ட்டின் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் எழுத வேண்டும். கருவேல வகைக் காடுகளில் வாழும், குட்டி போடும் லின்க்சே அரணை இன்று பிளெஸ்டியோடானில் இருந்தாலும், அதை ஜெர்மன் விலங்கியலாளர் வீக்மன் 1834-இல் வேறு பேரினத்தில் வைத்தார். ஆகவே அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் வரும்.