நஞ்சுக்கொடி மேலே ஏறுமா?

ஐவிஎஃப் சிகிச்சையில் கருவுற்ற வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். 20ஆவது வார ஸ்கேனில் ‘நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது’ என்று சொல்லிவிட்டார்களாம். அதாவது, வயிற்றில் குழந்தைக்கு உணவு கொடுக்கும் நஞ்சு, கருப்பை வாய்க்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அன்றிலிருந்து தூக்கமே இல்லை. “நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா? இனி அது மேலே ஏறுமா?” அத்தனை வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. பயம் வராமல் இருக்குமா?

முதல் கேள்விக்குப் பதில்: இல்லவே இல்லை. நீங்கள் நடந்ததாலோ வேலை பார்த்ததாலோ கவலைப்பட்டதாலோ நஞ்சு கீழே போய் ஒட்டவில்லை. ஐவிஎஃப் கர்ப்பங்களில் இது கொஞ்சம் கூடுதலாக வருவது உண்மைதான். கருவை மெல்லிய குழாய் வழியாக உள்ளே விடும்போது கருப்பைத் தசை லேசாகச் சுருங்குவது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அதுவும் உங்கள் கையில் இல்லை.

இரண்டாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தமானது. பெரும்பாலானவர்களுக்கு மேலே போய்விடும். ஆனால் நஞ்சு எங்கும் நகர்வதில்லை. ஒட்டிய இடத்தில்தான் இருக்கிறது, அதற்குக் கீழே இருக்கும் சுவர் வளர்கிறது!

கருப்பைக்கும் அதன் வாய்க்கும் நடுவே குறுகலான ஒரு பட்டை உண்டு. 20ஆவது வாரத்தில் அது ஏறக்குறைய அரை செ.மீ.தான். பிரசவம் நெருங்கும்போது 5 செ.மீ.க்கு மேல் நீண்டுவிடுகிறது. ஸ்கேன் திரையில் நஞ்சின் ஓரத்தில் ஒரு சின்னக் கூட்டல் குறி வைப்பார்கள், கருப்பை வாயின் உள்துளையில் இன்னொன்று. நடுவே ஒரு புள்ளிக்கோடு, பக்கத்தில் மில்லிமீட்டர் கணக்கு. சுவர் நீள நீள அந்தப் புள்ளிக்கோடும் நீளும்.

கூடவே இன்னொன்றும் நடப்பதாகக் கருதுகிறார்கள். கருப்பையின் மேல்பக்கம் ரத்த ஓட்டம் தாராளம், வாய்ப்பக்கம் குறைவு. ரத்தம் கிடைக்கும் பக்கம் நஞ்சின் விழுதுகள் தழைக்கும், மறுபக்கம் சுருங்கித் தேயும். சிலருக்குப் பிரசவத்தில் வெளிவரும் நஞ்சில் தொப்புள்கொடி நடுவில் இல்லாமல் ஓரமாக ஒட்டியிருக்கும். இப்படி ஒருபக்கமாக வளர்ந்ததன் தடயம் அது என்கிறார்கள். தேய்ந்த பக்கத்தில் குழந்தையின் ரத்தக்குழாய்கள் மட்டும் மிஞ்சி, கருப்பை வாய்க்கு மேலே ஓடுவதும் அபூர்வமாக உண்டு. அதனால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் டாப்ளர் ஸ்கேனில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்பேர்ப்பட்ட உறுப்புக்கென்று அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் தனி ஆய்வுத் திட்டம் தொடங்கியதே 2014இல்தான். எனக்கு இதில் பெரிய வருத்தம். ஆராய்ச்சிக்குப் பணம் போகாத இடத்தில் ‘படுத்தே கிட’ என்ற அறிவுரை வந்து உட்கார்ந்துகொள்கிறது. படுத்துக் கிடந்தால் நஞ்சு ஏறும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. நாள்கணக்கில் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

சரி, இப்போது என்ன செய்வது? உள்துளையிலிருந்து 20 மி.மீ.க்குள் நஞ்சின் ஓரம் இருந்தால் 32ஆவது வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள், தேவைப்பட்டால் 36இலும். கருமுட்டை வளர்ச்சியைப் பார்க்க உங்களுக்குப் பலமுறை எடுத்திருப்பார்களே, பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் அதே டிவிஎஸ் ஸ்கேன்தான். பாதுகாப்பானது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் பிரசவத்துக்குள் சரியாகிவிடுகிறது. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கும், நஞ்சு வாயை முழுதாக மூடியிருப்பவர்களுக்கும் வாய்ப்பு குறைவு. அப்படியே இருந்துவிட்டால் நாள் குறித்து சிசேரியன் செய்வார்கள். நடுவில் ரத்தம் பட்டால், வலி இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

‘கீழே இருக்கிறது’ என்ற ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் புரளாதீர்கள். எத்தனை மில்லிமீட்டர் என்று உங்கள் ரிப்போர்ட்டில் தேடுங்கள். இல்லாவிட்டால் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். 32ஆவது வாரத்தில் வரும் எண்ணை அதோடுதான் ஒப்பிடப்போகிறீர்கள்.