ஆட்டிசத்தால் பேச்சு வராத பிள்ளைக்கு அரசிடம் டேப்லெட் கணினி கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகை பாதிப்புகளைச் சொல்கிறது, அந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவுதான் நமக்கு வேண்டியது: 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ள மாணவருக்கு 18 வயது வரை தகுந்த உதவிக் கருவிகளை அரசு இலவசமாகத் தர வேண்டும், பேச்சில் சிரமம் உள்ளவர்கள் அன்றாடம் தங்களுக்கு வேண்டியதைச் சொல்ல மாற்று வழிகளையும் ஊக்குவிக்க வேண்டும். டேப்லெட் என்ற சொல் அதில் கிடையாது. அதனால்தான் மனுவை எப்படி எழுதுகிறோம் என்பது முக்கியம்.

கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, படத்தைத் தொட்டால் "தண்ணி வேணும்" என்று குரல் வரும் செயலி, அவ்வளவுதான். சென்னையில் உருவான ஆவாஸ் தமிழிலேயே பேசும், ஆனால் காசு கட்ட வேண்டும். மும்பை ஐஐடியின் ஜெல்லோ இலவசம். மனு போடுவதற்கு முன்பே வீட்டில் கிடக்கும் பழைய போனில் போட்டுப் பழக்கிவிடுங்கள். இதைக் கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள், ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை.

சரி, முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழ். ஐசா என்ற 40 கேள்வி மதிப்பீட்டில் 70 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வந்தால் ஆட்டிசம் என்று கணக்கு. தனியார் மருத்துவமனை அறிக்கை கையில் இருந்தாலும் அது துணைக்குத்தான், சான்றிதழை அரசு நியமித்த மருத்துவ அதிகாரிதான் தர முடியும். இணையத்தில் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தால் சான்றிதழும் அதன் வழியாகவே வந்துவிடும்.

கருவி கிடைக்க இரண்டு வழி. ஒன்று மத்திய அரசு உதவிக் கருவிகள் தரும் அடிப் திட்டம்: பெற்றோரின் மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் முழு இலவசம், 30,000 வரை பாதி விலை. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஒரு வருடம் கழித்து மறுபடி கேட்கலாம், மற்றவர்களுக்கு மூன்று வருடம். அந்தக் கருவிகளைச் செய்து தரும் மத்திய அரசு நிறுவனமான அலிம்கோவின் முகாமுக்குப் போனால் இந்தப் பிள்ளைகளுக்குக் கற்றல் பொருட்கள் உள்ள பெட்டியைத்தான் எடுத்து நீட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு திருப்திப்பட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

இன்னொன்று பள்ளி வழி. வேலூர் மாவட்டத்தில் காட்பாடியோ குடியாத்தமோ அணைக்கட்டோ, பள்ளிக் கல்வித் துறையின் உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், அவரிடம் பிள்ளையைப் பதிவு செய்யுங்கள். அப்புறம் பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள், "டேப்லெட் தேவை" என்று மொட்டையாக இல்லாமல் பிள்ளை இப்போது தன் தேவையை எப்படிச் சொல்கிறது, எந்தச் செயலியைப் பழகியிருக்கிறது, வகுப்பில் அது எதற்கு வேண்டும் என்றெல்லாம் விவரமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதிகாரிக்கு இது விளையாட்டுச் சாமான் மாதிரித் தோன்றாமல் இருக்க அந்தக் கடிதம்தான் ஒரே ஆதாரம்.

கடிதத்தையும் யுடிஐடி நகலையும் வருமானச் சான்றையும் மனுவோடு இணைத்து, மனுவில் 17ஆவது பிரிவு என்று எண் போட்டே எழுதி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுங்கள், அல்லது சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகத்தான் "இல்லை" என்பார்கள். எழுத்தில் மறுத்தால் அதை வைத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம். 2019இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் வேலூருக்கு அலைய வேண்டாம், அவரவர் கலெக்டர் ஆபீசிலேயே கொடுக்கலாம்.