மூன்றாம் நாளே தேடிப் போங்கள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உடும்பன்சோலை பக்கம், தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் கவுன்சிலராக வேலை பார்க்கிறேன். "இவன் அடிக்கடி மட்டம் போடுறான், கொஞ்சம் பேசிப் பாருங்க டீச்சர்" என்று சொல்லித்தான் பல பிள்ளைகளை என்னிடம் அனுப்புவார்கள். பேசிப் பார்த்தால், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, வகுப்புக்கு வராமல் ஊர் சுற்றுகிற பிள்ளைகள் சிலர்தான். மற்றவர்கள் வராமல் இருப்பதற்குப் பின்னால் பெரியவர்கள் செய்துவைத்த ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கும். தப்பு பிள்ளையிடம்தான் என்று முடிவு கட்டிவிட்டுப் பேச உட்கார்ந்தால், அந்த ஏற்பாடு கடைசிவரை நம் கண்ணில் படாது.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. முதலில் வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வந்தாள். பிறகு தினமும் தாமதம். பிறகு வருவதே இல்லை. வீட்டுக்குப் போனபோதுதான் கணக்குப் புரிந்தது. அம்மா ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏழு மணிக்கெல்லாம் கிளம்பியாக வேண்டும். அங்கன்வாடி திறப்பது ஒன்பதரைக்கு. இடையில் இருக்கும் அந்த இரண்டரை மணி நேரமும் மூன்று வயதுத் தம்பி இவள் பொறுப்பு. அவனைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் அங்கன்வாடியில் விட்டுவிட்டு, ஈரப் பாதையில் மேடேறிப் பள்ளிக்கு வந்து சேரும்போது முதல் பீரியட் பாதி முடிந்திருக்கும். வந்தவளை வராந்தாவில் நிறுத்திவைத்தார்கள். "லேட்டா வந்தா திட்டுறாங்க டீச்சர், வராட்டி யாரும் ஒண்ணும் கேக்கிறதில்ல" என்றாள். நம் பள்ளிகள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற பாடம் இதுதான் என்றால், ஒரு பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடுவதில் ஆச்சரியம் என்ன?

அவளிடம் பேசித் தீர்க்க ஒன்றுமில்லை. அம்மாவிடம் பேசினேன். பக்கத்து வீட்டுப் பாட்டி காலையில் பையனைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார். தாமதமாக வந்தாலும் சத்தம் போடாமல் உள்ளே விடுவதென்று வகுப்பாசிரியர் ஒப்புக்கொண்டார். அவள் வர ஆரம்பித்துவிட்டாள். பெண் தொழிலாளர்கள் 50 பேருக்கு மேல் இருக்கும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. பெரிய தேயிலைக் கம்பெனிகளை வைத்து எழுதிய சட்டம் அது. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சிறிய ஏலத்தோட்டத்தை அது எட்டவில்லை. அங்கெல்லாம் அக்காமார்தான் காப்பகம்.

அடுத்தது, எல்லையோரத்துக்கே உரிய சிக்கல். ஆடி, ஆவணியில் ஏலக்காய் எடுப்பு சூடுபிடிக்கும். மலைக்குக் கீழே தமிழ்நாட்டின் போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஆட்கள் விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக மேலே வந்து சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். அன்றாடம் ஏறி இறங்க முடியாத குடும்பங்கள் சீசன் முடியும்வரை தோட்டத்திலேயே தங்கிவிடும், பிள்ளைகளோடு. கீழே இருக்கும் பள்ளியில் "கேரளாவுக்குப் போயிட்டாங்க, அங்க சேர்ந்திருப்பான்" என்பார்கள். மேலே இருக்கும் பள்ளிக்கு அப்படி ஒரு பிள்ளை வந்திருப்பதே தெரியாது. தமிழ்நாட்டின் எமிஸில் அவன் பெயர் இருக்கும், கேரளத்தின் சம்பூர்ணாவில் இருக்காது. இரண்டு மாநிலப் பதிவேடுகளுக்கு நடுவே ஒரு முழுப் பருவம் போய்விடும்.

சேர்க்கலாம் என்று பெற்றோர் வந்தாலும், "டி.சி. வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. இது தவறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. மாநிலத்துக்குள்ளேயோ வெளியேயோ, எந்தக் காரணத்துக்காகப் பள்ளி மாறினாலும் தலைமையாசிரியர் உடனே டி.சி. கொடுக்க வேண்டும். டி.சி. வர நேரமாகிறது என்று புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. டி.சி.யைத் தாமதிக்கும் தலைமையாசிரியர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம். வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது, அது 14ஆம் பிரிவு. இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது அந்தந்த உள்ளாட்சியின் கடமை என்று 9ஆம் பிரிவே எழுதிவைத்திருக்கிறது. ஆகவே பள்ளி இழுத்தடித்தால் பஞ்சாயத்து மெம்பரைப் போய்ப் பாருங்கள், தயங்க வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஜீப் ஏறுமுன் கீழே உள்ள பள்ளியில் பிள்ளையின் பென் நம்பரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யுடைஸ் என்ற மத்திய அரசின் பள்ளிப் பதிவில் நாடு முழுவதும் ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கப்படும் நிரந்தர எண் அது. மாநிலம் மாறினாலும் அதே எண்தான். அந்தத் தாள் கையில் இருந்தால் மேலே பாதி வேலை முடிந்த மாதிரி.

மேலே வந்ததும் மொழி குறுக்கே நிற்கும். அருகில் இருப்பது மலையாளவழிப் பள்ளி என்றால், நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றும் புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். இரண்டாம் வாரமே வயிற்றுவலி வரும். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு வசதி செய்துதர வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது சேர்த்த பிரிவு அது. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றதும் அந்த ஆண்டில்தான். தமிழ்வழிப் பள்ளி சற்று தூரத்தில் இருந்தாலும், ஜீப் செலவைப் பார்த்து யோசித்தாலும், முதலில் அதை விசாரியுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

வயிற்றுவலி என்றதும் நடிப்பு என்று அடிக்கக் கை ஓங்க வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். உடம்பில் கோளாறு இல்லை, ஆனால் வலி திங்கள் காலையில் வருகிறது, பத்தரை மணிக்குப் போய்விடுகிறது, சனி ஞாயிறு எட்டிப் பார்ப்பதில்லை என்றால், அந்தப் பிள்ளை பள்ளியில் எதற்கோ பயப்படுகிறது. வலி பொய்யில்லை, பயம் வயிற்றில் தெரிகிறது. மட்டம் போடுகிற பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் ஒளியும். பயப்படுகிற பிள்ளை வீட்டைவிட்டு நகராது. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. பயந்த பிள்ளையை நாள்கணக்கில் வீட்டில் போன் கொடுத்து உட்காரவைத்தால் பயம் வேர்விட்டுவிடும். இரண்டு பீரியடாவது வந்து உட்காரட்டும், பிறகு மதியம் வரை, பிறகு முழு நாள். நன்றாக வந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று ஒரு வழியில் போக, ஒரு ஜீப்பில் ஏற, ஓர் ஆளைப் பார்க்க மறுத்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே தனியாக உட்காரவைத்துப் பொறுமையாகக் கேளுங்கள்.

கேட்கும்போதும் "ஏன் வரல?" என்று தொடங்க வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். "நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்ச?" என்று கேட்டால் எல்லாம் வரும். தம்பி வருவான், தண்ணீர்க் குடம் வரும், வழியில் நின்ற யானை வரும், ஏலக்காய்ச் சாக்கும் வரும்.

ஏலக்காய்ச் சாக்கு வந்தால் அதற்கும் சட்டம் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்தக் குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வேலையில் ஒத்தாசை செய்யலாம். அடுத்தவர் தோட்டத்தில் அம்மாவின் கூடையை நிரப்புவது அந்தக் கணக்கில் வராது.

ஆசிரியர்களுக்கு ஒன்று. ஆண்டுக்கு 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு 200 வேலை நாள், 6 முதல் 8 வரை 220. வாரம் ஒரு நாள் வராத பிள்ளை ஆண்டில் ஏறக்குறைய 40 நாள் இழக்கிறது. தினசரி ரிஜிஸ்டரில் அது ஒற்றை 'ஏ'வாகத்தான் தெரியும், மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால்தான் உறைக்கும். எந்தக் கிழமை என்றும் பாருங்கள். சம்பளம் வாங்கி, ஊருக்கு இறங்கி, ஞாயிறு இரவு ஜீப் கிடைக்காத குடும்பத்தின் பிள்ளைக்குத் திங்கள்தான் போகும். பொங்கலுக்கு இடுக்கியில் கிடைப்பது ஒரு நாள் உள்ளூர் விடுமுறை. ஊருக்குப் போனவர்கள் ஒரு வாரம் கழித்துத்தான் ஏறுவார்கள். இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த விஷயம்தானே, டிசம்பர் மாத பி.டி.ஏ. கூட்டத்திலேயே பேசி வைக்கலாம்.

மூன்றாம் நாள் போன் போடுங்கள், எடுக்காவிட்டால் ஆள் அனுப்புங்கள். பிள்ளையின் வருகை ஒழுங்கைப் பற்றிப் பெற்றோரைச் சந்தித்துச் சொல்வது கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி ஆசிரியரின் கடமைகளில் ஒன்று. "பேரை வெட்டிடுவேன்" என்று மிரட்ட வேண்டாம். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது. 2019இல் வந்த திருத்தம் ஐந்திலும் எட்டிலும் அதே வகுப்பில் நிறுத்திவைக்க மட்டுமே வழிவிட்டது. அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் 17ஆம் பிரிவு தடுக்கிறது.

எனக்கு அதிகக் கவலை ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றித்தான். 14 வயது தாண்டியதும் கல்வி உரிமைச் சட்டம் கையை விட்டுவிடுகிறது, தோட்டம் கையைப் பிடித்துக்கொள்கிறது. ஓணப் பரீட்சைக்கு வராத பையன் அநேகமாகக் கூலிக்குப் போய்விட்டான். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கலாம், 18 வயதுக்கு முன் அது குற்றம். இந்த இரண்டு சந்தேகத்தில் எது வந்தாலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிடுங்கள். போடிமெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான்.