ஸ்டிக்கரை நம்பாதீர்கள், கணினியையே கேளுங்கள்

பழைய லேப்டாப் வாங்கியவரானாலும் சரி, பள்ளிக்கு மொத்தமாகக் கணினி எடுத்த தாளாளரானாலும் சரி, என்னிடம் முதலில் நீட்டுவது பில்லைத்தான். ஐ5, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்று அதில் எழுதியிருக்கும். கீபோர்டின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கரும் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு இவை இரண்டும் சாட்சி ஆகா. கணினியின் மூளையான பிராசசரை ஐ5 என்ற பெயரில் இன்டெல் 2009இலேயே விற்கத் தொடங்கிவிட்டது. 2011இல் வந்த ஐ5-2400க்கும் அதே பெயர், 2022இல் வந்த ஐ5-12400க்கும் அதே பெயர். கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தவர்களை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

இதில் போவது வேகம் மட்டும் அல்ல. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால், இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். தகுதியில்லாத கணினியிலும் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றிவிட முடியும் என்பதால், திரையில் அது ஓடுவதைக் காட்டி விற்பார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சிபியு-இசட் என்ற சிறிய இலவச மென்பொருள் இதற்குப் போதும். முதல் பக்கத்திலேயே பிராசசரின் முழுப் பெயர் வந்துவிடும். மெமரி பக்கத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். டிடிஆர்4 3200 என்று சொல்லி வாங்கிய ரேமுக்கு அங்கே 1600 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள். டிடிஆர் நினைவகம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்புகிறது; சிபியு-இசட் துடிப்பைக் காட்டுகிறது, விளம்பரம் இரட்டிப்பைச் சொல்கிறது. அடுத்த எஸ்பிடி பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் எந்த நிறுவனத்தின் ரேம், எவ்வளவு கொள்ளளவு என்று பார்க்கலாம். சர்வீஸுக்கு அனுப்பும் முன் இந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்தால், திரும்பி வரும்போது அதே ரேம்தான் இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் ஒப்பிட்டுவிடலாம். சொந்த நினைவை நம்பி வாதாடினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது ஹார்டு டிஸ்க் சோதனையை. பிராசசர் பழையதென்றால் வேலை மெதுவாக நடக்கும். டிஸ்க் போனால் பத்து ஆண்டுக் கணக்கும் குழந்தையின் புகைப்படங்களும் சேர்ந்து போகும். டிஸ்க்குகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துக்கொள்கின்றன. ஸ்மார்ட் என்று அழைக்கப்படும் அந்தக் குறிப்புகளை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ படித்துக் காட்டும். மேலே 'குட்' என்றோ, மஞ்சளில் 'காஷன்' என்றோ ஒரு சொல் வரும். அதோடு நின்றுவிடாமல் கீழே உள்ள பட்டியலில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகள். சி6 என்பது திருத்த முடியாதவை. இம்மூன்றும் சுழியமாக இருப்பதே நலம். தரவு போய்வரும்போது நேர்ந்த பிழைகளைச் சொல்லும் சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டாம். பெரும்பாலும் கேபிளில்தான் கோளாறு இருக்கும்.

அந்த எண்களைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இவற்றைப் பதினாறு அடிமான எண்ணாகத்தான் முதலில் காட்டும். டிஸ்க் ஓடிய நேரத்தைச் சொல்லும் 09ஆம் வரியில் 2710 என்று இருந்தால், டிஸ்க் ஓடியது 2,710 மணி நேரம் அல்ல, 10,000 மணி நேரம். அமைப்புகளுக்குள் போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்ட பிறகு பேசுங்கள்.

வரி தணிக்கைக் காலத்தில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்குக் கோப்புகள் இருந்த கணினியைச் சோதித்தபோது, சி5 வரியில் எண் ஏறியிருந்தது. "நன்றாகத்தானே ஓடுகிறது சார், சீசன் முடியட்டும்" என்றார் உரிமையாளர். ஓடிக்கொண்டிருப்பதால்தான் இப்போதே நகலெடுக்க வேண்டும் என்று சொல்லி, அன்றிரவே கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றினோம். கடைசியில் சில கோப்புகளுக்கு டிஸ்க் திணறியது. ஆனாலும் எல்லாம் வந்துவிட்டன. இப்படிப்பட்ட டிஸ்க்கில் நகலெடுக்கும் முன்பே பிழை திருத்துகிறேன் என்று விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கை ஓடவிடுவது பெரும் ஆபத்து. நோயாளிக்கு மூச்சு வாங்கும்போது மாடிப்படி ஏறச் சொல்வது போன்றது அது. முதலில் நகல், பிறகுதான் மற்றதெல்லாம்.

அதற்காக 'குட்' என்று வந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றும் சொல்லமாட்டேன். கூகுள் பொறியாளர்கள் தங்களிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழுதான டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவற்றில், வெப்பநிலையைத் தவிர்த்துப் பார்த்தால், ஸ்மார்ட் குறிப்பில் எந்த எச்சரிக்கையும் இருக்கவில்லை. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள்; வராவிட்டாலும் பேக்கப்பைக் கைவிடாதீர்கள்.

லேப்டாப்பின் பேட்டரிக்குத் தனி மென்பொருள் தேவையில்லை. விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு பேட்டரிரிப்போர்ட் என்பதைச் சேர்த்தால் ஓர் அறிக்கை உருவாகும். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக நிரம்பும் அளவும் அதில் இருக்கும். இரண்டாவது முதலாவதில் பாதிக்கு வந்துவிட்டதென்றால், புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

பல கணினிகள் உள்ள பள்ளிகளும் அலுவலகங்களும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. ஜிஎல்பிஐ, ஓசிஎஸ் இன்வென்டரி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் வலையமைப்பு வழியாக எல்லா விவரங்களையும் ஓரிடத்தில் சேர்க்கும். ஆனால் கடையில் அசெம்பிள் செய்த கணினிகளில் மதர்போர்டின் வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில், 'தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம் அப்படியே கிடக்கும். நிரப்ப வேண்டியவர் நிரப்பாமல் விட்ட இடம் அது. வரிசை எண்ணை வைத்து அடையாளம் காணும் பட்டியலில் இப்படிப்பட்ட கணினிகள் பல ஒன்றாகக் கலந்துபோக வாய்ப்புண்டு. ஆகவே நீங்களே ஒரு எண் கொடுத்துப் பெட்டியின் மீது ஒட்டி, வலையமைப்பு அட்டைக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரியோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பட்டியலின் ஒரு அச்சுப் பிரதி கோப்பில் இருக்கட்டும்.

இந்த மென்பொருள்களை எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் படிப்பதற்கு இவற்றில் பல, இயங்குதளத்தின் அடிமட்டம் வரை நுழையும் டிரைவர் என்ற துணை மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. பல கண்காணிப்பு மென்பொருள்கள் பயன்படுத்திய வின்ரிங்0 என்ற டிரைவரில் இருந்த பாதுகாப்பு ஓட்டை 2020இலேயே பதிவானது. 2025 மார்ச்சில் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டர் அதைத் தடுக்கத் தொடங்கியபோது, விசிறி வேகத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்கள் வரை முடங்கின. அப்போது டிஃபெண்டரையே அணைத்துவிடச் சொல்லிப் பலர் அறிவுரை தந்தார்கள். அதைச் செய்யவே கூடாது. மென்பொருளின் புதிய பதிப்பைத் தேடுவதே வழி. தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தொடாமல், உருவாக்கியவரின் சொந்தத் தளத்துக்குப் போங்கள்.

எடுத்த அறிக்கையைப் பகிரும்போதும் நிதானம் தேவை. விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் அறிக்கையை அப்படியே ஏற்றுமதி செய்தால் கணினியின் பெயர், பயனர் பெயர், மேக் முகவரி, அந்நேரம் ஓடும் மென்பொருள்களின் பட்டியல் அனைத்தும் அதற்குள் போகும். உதவி கேட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவதாக இருந்தால், கேள்விக்குத் தேவையான பக்கத்தை மட்டும் படமெடுத்து, வரிசை எண்களை மறைத்துப் போடுங்கள். அலுவலகக் கணினிகளில் இன்வென்டரி மென்பொருள் நிறுவுபவர்கள், அது என்ன எடுக்கிறது, என்ன எடுக்காது என்பதைப் பணியாளர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு நிறுவுங்கள். கணினியில் உள்ள மென்பொருள்களின் பட்டியலும் உள்நுழைந்தவரின் பெயரும்கூட அதில் சேரும். அதை அவர்கள் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது.