டாக் ஹோல் போடுமுன் டேபிளின் வயிற்றைப் பாருங்கள்

சிஎன்சி ரூட்டரில் (கணினி சொல்படி மரம் வெட்டும் மெஷின்) பலகையைக் காற்றை உறிஞ்சிப் பிடித்து வைப்பது வேக்குவம் டேபிள். தானே செய்த வேக்குவம் டேபிள் சரியாகப் பிடிக்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: "டாக் ஹோல் போடுவதற்கு முன் வேக்குவம் கேஜ் எவ்வளவு காட்டியது?" பெரும்பாலும் பதில் இருக்காது. ஜாப்பை, அதாவது வெட்டப்போகும் பலகையை, சாய்வில்லாமல் ஒட்டி வைக்கப் பின் என்ற சிறு குச்சிகளைச் செருகுவார்கள். அதற்காக 20 மி.மீ. துளைகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள், அவைதான் டாக் ஹோல். அவை டேபிளின் உள்ளே காற்று ஓடும் பள்ளங்களை வெட்டிக்கொண்டு போயிருக்கும்.

ஒரு கணக்கு. பம்பிலிருந்து வரும் 50 மி.மீ. ஹோஸின் வாய், பரப்பளவில் 20 மி.மீ. துளைகள் ஆறுக்குச் சற்றே கூடுதல். ஏழு துளை திறந்து கிடந்தால் ஹோஸின் வாயைவிடப் பெரிய ஓட்டை டேபிளில் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு எவ்வளவு பெரிய பம்ப் மாட்டி என்ன?

டேபிள் இன்னும் வரைபடத்தில் இருந்தால் வேலை சுலபம். துளை வரும் இடங்களில் பள்ளம் வெட்டாமல் திட்டுத் திட்டாக விட்டுவிடலாம். செய்து முடித்த டேபிளென்றால், அந்த இடத்தில் முதலில் 40 மி.மீ. துளை போட்டு, அதில் கெட்டி மர வில்லையை எபாக்ஸி வைத்து இறுக்குங்கள். காய்ந்த பிறகு அதன் நடுவில் 20 மி.மீ. துளை. எம்டிஎஃப் பக்கவாட்டிலும் காற்றை இழுக்கும். அதனால் மேல் பலகையில் துளையின் உள்சுவருக்கு ஷெல்லாக் இரண்டு கை பூசாமல் விடாதீர்கள்.

துளையை அடிவரை விடுவதா, பாதியில் நிறுத்துவதா? பாதியில் நிறுத்தினால் தூள் அடியில் கெட்டியாகி, அதன்மேல் உட்காரும் பின்னின் தலை நாளுக்கு நாள் உயரும். ஒருமுறை என் பிட் (வெட்டும் முனை) உடைந்தது இதனால்தான். முழுக்கத் திறந்தால் ஜாப்புக்கு அடியில் காற்று ஏறும். நான் இப்போது செய்வது படித்துளை: மேலே 20, அடியில் 12. செருகும் பின் அந்தப் படியில் உட்காரும், தூள் கீழே கொட்டும். பின் செருகாத துளைக்கு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்ட மூடி.

துளைகளை அந்த மெஷினே வெட்டட்டும். 6 மி.மீ. பிட்டை வட்டமாகச் சுற்றவிட்டு இறங்கி, கடைசியில் 0.2 மி.மீ. மட்டும் சீவ விடுங்கள். அதற்கு முன் கழிவுப் பலகையில் 19.9, 20.0, 20.1 என்று மூன்று துளை போட்டுப் பின்னைச் செருகிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் துளை நீள்வட்டம், அதாவது மெஷினில் பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் ஆட்டம்) இருக்கிறது.

இன்னொன்றைப் பலரும் மறக்கிறார்கள். கேன்ட்ரி (பிட்டைத் தாங்கி நகரும் பாலம்) கோணலாக இருந்தால் துளை வரிசையும் அதே கோணலில்தான் வரும். ஒரு பக்கம் மட்டும் வெட்டும் வரை கண்ணுக்குத் தெரியாது. ஜாப்பைப் புரட்டி மறுபக்கம் வெட்டும்போது பிழை இரட்டிப்பாகும், 600 மி.மீ. நீளத்தில் அரை மில்லி கோணல், ஒரு மில்லியாகத் தெரியும். மூலைவிட்டங்களை அளந்து சரிசெய்த பிறகே துளை. ஹோமிங் செய்து, அதாவது மெஷினை அதன் தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து முதல் துளை இருக்கும் மெஷின் அளவைக் குறித்து வையுங்கள்.

நீளப் பக்கத்தில் இரண்டு பின், அகலப் பக்கத்தில் ஒன்று. மூன்று போதும். நான்காவது பின் வந்தால் பலகை எதில் ஒட்டுவது என்று தடுமாறும். துளையின் வாயில் ஒரு மில்லி சேம்ஃபர் (சாய்வாகச் சீவிய விளிம்பு) போடுங்கள். இல்லாவிட்டால் ஓரம் உப்பி ஜாப்பைத் தூக்கும்.

பின் என்பது ஜாப்பின் இடத்தைக் காட்டும், ஜாப்பைப் பிடிக்காது. பம்பாக மாட்டிய வேக்குவம் க்ளீனர் மோட்டார் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.2 கிலோ அழுத்தம் தரும் என்று வைத்துக்கொண்டால், 30×30 செ.மீ. பலகையின் மேல் 180 கிலோ விழும். 5×5 துண்டுக்கு வெறும் 5 கிலோ. அந்தத் துண்டைப் பின்னை நம்பி ஓட்டினால், சிப்பை மேலே இழுக்கும் பிட் துண்டையும் சேர்த்துத் தூக்கிவிடும். கரண்ட் போனாலும் அப்படித்தான்: வேக்குவம் போய்விடும், பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் சில நொடி சுற்றிக்கொண்டே இருக்கும். சின்னத் துண்டுக்குக் கிளாம்ப், அல்லது வெட்டாமல் விட்ட இணைப்புத் துண்டுகள்.

இரும்புப் பின் வேண்டாம். கார்பைட் பிட் அதில் இடித்தால் சிதறும். மரமோ நைலானோ போதும், உயரம் ஜாப்பின் கனத்தைவிடக் குறைவாக. ஸ்பாயில்போர்டை (மேலே இருக்கும் எம்டிஎஃப் பலகையை) அரை மில்லி சீவும் ஒவ்வொரு முறையும் பின்னின் தலை அரை மில்லி உயர்ந்து நிற்கும். பின்னையும் கழற்றி அதே அளவு குறைத்துவிடுங்கள்.