எடையைக் குறைக்கும்போது பளுவைக் குறைக்காதீர்கள்

சில மாதங்களுக்கு முன் 46 வயதுப் பெண்மணி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். சாப்பாட்டைப் பாதியாக்கி, தினமும் ஒரு மணி நேரம் நடந்து, நான்கே மாதத்தில் 12 கிலோ குறைத்திருந்தார். பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர் வந்தது வேறு விஷயத்துக்கு. "நாற்காலியில இருந்து எழுந்திருக்கவே கையை ஊன்ற வேண்டியிருக்கு சார். குண்டா இருந்தப்போகூட இப்படி இல்லை."

பிசியோதெரபிஸ்டாக இந்தப் புகாரை அடிக்கடி கேட்கிறேன். தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு என்பதால் ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது. அந்த நான்கு மாதத்தில் அவர் ஒரு நாள்கூட எடைப் பயிற்சி செய்யவில்லை. செய்யச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை.

உணவைக் குறைத்தால் உடல் கொழுப்பை மட்டும் பொறுக்கி எடுத்துக் கரைப்பதில்லை. தசையில் உள்ள புரதத்தையும் உடைத்துச் செலவழிக்கிறது. பயிற்சியே இல்லாமல், உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் இறங்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு அல்லாத திசு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் நீரும் அடக்கம்தான், என்றாலும் தசையும் கணிசமாகப் போகிறது. 12 கிலோவில் 3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை மெஷினில் நின்றால் இது தெரியாது. மாடிப்படி ஏறும்போதுதான் தெரியும்.

வழக்கமாக ஜிம்முக்குப் போகிறவர்களும் இதில் தப்புவதில்லை. டயட் ஆரம்பித்த அன்றே 15 கிலோ டம்பெல்லைக் கீழே வைத்துவிட்டு 5 கிலோவை எடுக்கிறார்கள். லேசான எடையை 30 முறை தூக்கினால் கொழுப்பு கரைந்து உடம்பு 'ஷேப்' ஆகும் என்று நம்புகிறார்கள். 15 கிலோ தூக்கிப் பழகிய தசை அந்த 30 முறையிலும் திணறுவதே இல்லை. திணறாத தசையைப் பற்றாக்குறைக் காலத்தில் உடல் ஏன் கட்டிக் காக்க வேண்டும்? எந்தப் பளு அந்தத் தசையை வளர்த்ததோ, அதே பளுதான் அதைக் காக்கவும் வேண்டும்.

குறைக்க வேண்டுமானால் செட்களை, அதாவது ஓர் அசைவை இடைவிடாமல் சில முறை செய்யும் சுற்றுகளை, குறையுங்கள். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் 3 நாள் வீதம் 16 வாரம் பயிற்சி செய்தவர்களில் ஒரு பிரிவினரின் பயிற்சி அளவை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். பளு மட்டும் குறையவில்லை. 32 வாரம் கழித்தும் இளையவர்களின் தசை அளவு அப்படியே இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கோ அந்த அளவு போதவில்லை. அந்த ஆய்வில் பங்கேற்ற யாரும் டயட்டில் இருந்தவர்கள் இல்லை, அதனால் ஒன்பதில் ஒரு பங்குக்கு இறங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். களைப்பு தாங்கவில்லை என்றால் மூன்று செட்டை இரண்டாக்குங்கள் என்பேன். வயது கூடியவர்களிடம் அதற்கும் தயங்குவேன்.

வாரத்துக்கு 2 அல்லது 3 நாள் போதும். உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது ஆகிய நான்கு அசைவுகளும் அதில் வரட்டும். ஒரு செட்டில் 6 முதல் 12 முறை. இன்னும் இரண்டு முறைதான் முடியும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம், தூக்கிய பளுவை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எடை இறங்கிக்கொண்டே போய், நோட்டில் உள்ள எண்கள் பெரும்பாலும் நிலைத்து நின்றால் கவலை இல்லை. இரண்டும் சேர்ந்து சரிந்தால், சாப்பாட்டை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்களோ என்று பாருங்கள்.

வேகமும் முக்கியம். வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் குறைந்தால் நல்லது. 70 கிலோ இருப்பவருக்குச் சுமார் அரை கிலோ. புரதம் ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் அளவில் இருக்கட்டும், அதாவது அதே நபருக்கு நாளொன்றுக்கு 112 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. நடைப்பயிற்சியை விட வேண்டாம், எடைப் பயிற்சிக்குப் பதிலாக மட்டும் அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரே ஆட்களுக்குக் கலோரி குறைந்த உணவைக் கொடுத்து, இரண்டு வாரம் படுக்கையில் 8.5 மணி நேரமும் இன்னொரு இரண்டு வாரம் 5.5 மணி நேரமும் அனுமதித்தார்கள். இரண்டு முறையும் சுமார் 3 கிலோதான் குறைந்தது. ஆனால் அதில் கொழுப்பு முதல் முறை 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டுமே. அதிகாலைப் பயிற்சிக்காகத் தூக்கத்தை வெட்டுகிறவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பசியைக் குறைக்கும் ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் இப்போது வருகிறார்கள். சாப்பாடு தானாகவே குறைவதால் புரதமும் சேர்ந்து குறைந்துவிடுகிறது. ஊசி ஆரம்பிக்கும் வாரத்திலேயே எடைப் பயிற்சியையும் ஆரம்பித்துவிடுங்கள்.

அந்தப் பெண்மணிக்கு முதலில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி கொடுத்தேன். பிறகு உயரத்தைக் குறைத்தோம், கையில் டம்பெல் சேர்த்தோம். சாப்பாட்டையும் கூட்டினோம். பத்து வாரத்தில் அவர் எடை பெரிதாக மாறவில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு பன்னிரண்டு முறை நிற்காமல் எழுந்து உட்கார்ந்தார். பதின்மூன்றாவது முறைக்கும் எழப் போனார். நான்தான் போதும் என்றேன்.