பணம் கைமாறிய காகிதம்: பிரெஞ்சுக் கால வீடுகளையும் கிடங்குகளையும் மீட்டெடுப்பது எப்படி?

புதுச்சேரி வெள்ளை நகரத்தில் பழைய வீட்டை வாங்குகிறவர், விற்கிறவர், ஓட்டலாக மாற்றப் பார்க்கிறவர் எல்லோரும் தவறாமல் சொல்லும் ஒரு வசனம் உண்டு: "சார், இது துப்ளே காலத்து வீடு." பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதே என் பிழைப்பு என்பதால், அதைக் கேட்டதும் கண் தானாக மேலே போகும். தாழ்வாரத்தில் மங்களூர் ஓடு வேய்ந்திருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865-ல்தான். துப்ளே இங்கே கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. கூரையைப் பொறுத்தவரை கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

சுவருக்கும் ஒரு கண்டம் இருக்கிறது. 1761 ஜனவரியில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படை ஊரைப் பிடித்தது. பிடித்ததோடு விடவில்லை, கோட்டை, கவர்னர் மாளிகை, வீடுகள் என்று முறைபோட்டு இடித்தார்கள். ஊரைப் பிரெஞ்சுக்காரர்களுக்கே திருப்பிக் கொடுத்த 1763 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு, 1765-ல் புதிய கவர்னர் ழான் லா தெ லோரிஸ்தோன் வந்து பொறுப்பேற்றபோது அவர் கையில் கிடைத்தது இடிபாடுதான். ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை போல ஒன்றிரண்டு விதிவிலக்குகளைச் சொல்வார்கள். மற்றபடி இன்று நாம் படம் பிடிக்கும் பிரெஞ்சு வீடுகள் எல்லாம் பெரும்பாலும் 1765-க்குப் பிந்தியவை. முகப்பு அதைவிடவும் புதிதாக இருக்கலாம். பழைய அடித்தளத்தின் மேல் அடுத்த தலைமுறையின் சுவர், அதன் மேல் அதற்கடுத்த நூற்றாண்டின் கூரை என்று ஒரே வீட்டில் மூன்று காலங்கள் நிற்கும். கண்ணால் பார்த்து அதைப் பிரிக்க ஓரளவுக்குத்தான் முடியும். அதற்கு மேல் காகிதம் வேண்டும்.

ஆனால் காகிதம் என்றால் எல்லாக் காகிதமும் ஒன்றல்ல. எழுதும் நேரத்தில் பணம் கைமாறியிருந்தால் அந்தக் காகிதத்தை முதலில் நம்பலாம். அனுமதி கேட்டு, பெருமைக்காக, மேலிடத்துக்குக் காட்டுவதற்காக எழுதியதையும் வரைந்ததையும் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். வரைபடம் அழகாக இருப்பதால் எல்லோரும் முதலில் அதைத்தான் எடுக்கிறார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

இதை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்த இடம் கனடாவில், கேப் பிரெட்டன் தீவில் இருக்கும் லூயிபூர். பிரெஞ்சுக்காரர்கள் 1713-ல் அங்கே குடியேறினார்கள். பண்ணா (காட்) மீன் பிடிப்பதும் உப்புக்கண்டம் போட்டு ஏற்றுமதி செய்வதும் ஊரின் தொழில். 1745-ல் அமெரிக்காவில் இருந்த ஆங்கிலக் குடியேற்றங்களான நியூ இங்கிலாந்தின் படை பிடித்தது, 1748 உடன்படிக்கையில் திரும்பக் கிடைத்தது, 1758-ல் ஆங்கிலேயர் மறுபடி பிடித்தார்கள், 1760-ல் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். புதுச்சேரி இடிபட்டது அதற்கடுத்த ஆண்டு. ஒரே போரில் உலகத்தின் இரு மூலைகளில் இரண்டு பிரெஞ்சுத் துறைமுகங்களுக்கு ஒரே கதி. புதுச்சேரி அதே இடத்தில் திரும்ப எழுந்தது. லூயிபூர் எழவே இல்லை, இருநூறு வருடம் புல்வெளியாகக் கிடந்தது.

1961-ல் கனடா அரசு அதைத் திரும்பக் கட்டத் தொடங்கியது. அந்தப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்கள் நொடித்துக்கொண்டிருந்த காலம் அது. வேலையிழந்த சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொடுத்து இறக்கினார்கள். 1744-ல் ஊர் எப்படி இருந்ததோ அப்படி என்று இலக்கு வைத்து, பழைய நகரத்தில் ஏறத்தாழ கால் பங்கை எழுப்பினார்கள். பல நாட்டு ஆவணக் காப்பகங்களிலிருந்து அதற்காகத் திரட்டிய நகல்கள் சுமார் 7.5 லட்சம் பக்கம், வரைபடங்கள் சுமார் 500.

ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்கு இவ்வளவு காகிதம் எப்படிச் சேர்ந்தது? செலவு ராஜாவின் கணக்கில். கணக்குக் கேட்பவர்கள் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம். ஊரில் கவர்னர் ஒருவர், பணத்தையும் கிடங்குகளையும் பார்த்துக்கொள்ள இன்னொரு அதிகாரி, இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு ஒரு கண். கப்பல் கிளம்பும்போதெல்லாம் கடிதம் போய்க்கொண்டே இருக்கும். அந்த அதிகாரிகளின் சந்தேக புத்திக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ராஜாவின் கணக்கில் ஒரு வீடோ கிடங்கோ கட்டினால் காகிதம் வரிசையாகப் பிறக்கும். முதலில் பொறியாளர் வரையும் வரைபடம். அடுத்து மதிப்பீடு: எந்தக் கல், என்ன சுண்ணாம்பு, கதவு எத்தனை, பலகை என்ன கனம். அப்புறம் ஏலம், ஒப்பந்தம். வேலை முடிந்ததும் கட்டியதை இடத்திலேயே அளந்து எழுதி, அந்த அளவுப்படி ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுப்பார்கள். நம் பொதுப்பணித் துறையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், அது அச்சாக எம்-புக், அதாவது முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம். வரைபடத்தில் சுவர் ஒரு கனம், எம்-புக்கில் வேறு கனம் என்றால் எம்-புக்தான் வீடு. கட்டாத சுவருக்குக் காசு கொடுக்க, கண் வைத்துக்கொண்டிருந்த மற்ற அதிகாரி விட்டிருக்க மாட்டார்.

வரைபடத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. பிரெஞ்சு ராணுவப் பொறியாளர்கள் வண்ணம் தீட்டுவதில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: கட்டி நிற்கும் கொத்துவேலைக்குச் சிவப்பு, கட்டப்போவதாகச் சொல்வதற்கு மஞ்சள். கறுப்பு வெள்ளை நகலை வைத்து வேலை செய்தால் இது போச்சு. கட்டவே கட்டாத ஒரு கிடங்கை நாம் பக்தியோடு 'மீட்டெடுத்து' விடுவோம். வண்ணப் படியைப் பார்க்காமல் ஒரு முடிவுக்கும் வராதீர்கள்.

பணக் கணக்குக்கு அடுத்தபடியாக நான் நம்புவது புகார் கடிதத்தை. இல்லாத கூரை ஒழுகுகிறது என்று யாரும் எழுத மாட்டார்கள். கடல் மணலைக் கலந்த சுண்ணாம்புச் சாந்து இறுகாததும், உறைபனியில் சுவர் உதிர்வதும் லூயிபூரின் தீராத தலைவலி. அந்தப் புலம்பல் எந்த வரைபடத்திலும் தெரியாது. சுவர் எதனால் ஆனது, எத்தனை வருடத்தில் திரும்பப் பூசினார்கள் என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

தனியார் வீடுகளுக்கு எம்-புக் கிடையாது. அங்கே கைகொடுப்பது இறப்புக்குப் பிந்தைய சொத்துப் பட்டியல். வீட்டுக்காரர் இறந்துபோனால் அதிகாரியோ நோட்டரியோ வந்து, அறை அறையாக நடந்து, கண்ணில் பட்ட பொருளை எல்லாம் விலை போட்டு எழுதுவார். வாரிசுகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே எடுத்துச் செல்லக்கூடிய பொருள் எதுவும் எளிதில் விடுபடாது, கூடுதலாகவும் ஏறாது. அவர் நடந்த வரிசைதான் வீட்டின் தளவமைப்பு. ஓர் அறையில் கணப்பு (குளிர்காயும் அடுப்பு) இரும்புகள் எழுதியிருந்தால் அங்கே கணப்பு இருந்தது. திரைச்சீலை இரண்டு ஜோடி என்றால் சன்னல் இரண்டாக இருக்கலாம். 'மாடிப்படிக்குக் கீழே' என்று ஒரு பெட்டியைக் குறித்திருந்தால், படிக்கட்டு எந்த அறையிலிருந்து ஏறியது என்பது கிடைத்துவிடும். கிடங்கு என்றால் இன்னும் வசதி. உப்பு இத்தனை, சாராயப் பீப்பாய் இத்தனை, கயிறு இத்தனை என்று எழுதியிருப்பதைக் கூட்டிப் பார்த்தால் குறைந்தபட்சம் எவ்வளவு தரை வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடலாம். பரணில் பாய்மரத் துணி என்று வந்தால் அதை மேலே ஏற்றும் வழியைத் தேட வேண்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை. பட்டியலில் இல்லாதது வீட்டில் இல்லாதது என்று அர்த்தமில்லை. சுவரோடு சேர்ந்த அலமாரி கட்டடத்தின் பகுதி, பட்டியலில் ஏறாது.

இங்கே புதுச்சேரியில் இந்த மாதிரி ஆவணம் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: கிடைக்கும், ஆனால் எல்லாம் இங்கே இல்லை. குடியேற்றங்களின் பதிவேடுகள் பூச்சியிலும் போரிலும் அழிவதைப் பார்த்து, 1776 ஜூனில் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. தேவாலயப் பதிவுகள், நோட்டரி பத்திரங்கள், நீதிமன்றப் பதிவுகள் ஆகியவற்றின் நகலை வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும் என்று. அந்தத் தொகுப்பு இப்போது தெற்கு பிரான்சில், எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஊரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கோட்டை, நகர வரைபடங்களும் அங்கே உண்டு. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் பழைய நகர வரைபடங்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் மையம் ஒன்று புதுச்சேரியிலேயே இருக்கிறது. தமிழில் என்றால் 1736 முதல் எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. அவர் வணிகர், சரக்கும் பண்டசாலையும் அவர் கண்ணில் படாமல் போகாது.

பயணிகள் எழுதியதையும் தள்ளிவிட வேண்டாம். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1768-ல் இங்கே வந்த வானியலாளர் லெ ஜாந்தீல், இடிந்த பழைய கோட்டைப் பகுதியில் தனக்கு அமைத்துக் கொடுத்த ஆய்வுக்கூடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்கு அடியில் இருந்தது வெடிமருந்துக் கிடங்கு. 1769 ஜூனில் அந்த நாள் வந்தபோது மேகம் மூடிக்கொண்டது, பாவம். நமக்கு லாபம் என்னவென்றால், இடித்ததாகச் சொன்ன கோட்டையின் கீழறைகள் எட்டு வருடம் கழித்தும் உபயோகத்தில் இருந்தன என்று தெரிகிறது. 'முற்றாக அழித்தார்கள்' என்று எங்கேயாவது படித்தால் தரைக்கு மேலே என்று சேர்த்துப் படியுங்கள்.

அளவுக்கு வருவோம். பழைய பிரெஞ்சு அடி 32.48 சென்டிமீட்டர், நாம் பழகிய ஆங்கில அடி 30.48. ஆறு பிரெஞ்சு அடி ஒரு துவாஸ், 1.949 மீட்டர். பத்திரத்தில் 60 அடி என்று படித்துவிட்டு நம் டேப்பை நீட்டினால் ஒரு மீட்டருக்கு மேல் உதைக்கும். இதை வைத்துப் பக்கத்து மனைக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

இந்த அளவு எப்படி உதவும் என்பதற்கு, உணவகமாக மாற்றுவதற்காக எங்களிடம் வந்த ஒரு கட்டடத்தைச் சொல்கிறேன். உரிமையாளர் அதை மாளிகை என்றே நம்பினார். முகப்பில் வரிசையாக வளைவுச் சன்னல் வைத்து, கடுகு மஞ்சள் அடித்து, 'பழைய பிரெஞ்சு அழகை' மீட்க வேண்டும் என்பது அவர் ஆசை. பிரெஞ்சில் எழுதிய மூலப்பத்திரம் பீரோவில் இருந்தது, யாரும் படித்ததில்லை. படித்துப் பார்த்தால், செக்குபந்திக்கு (நான்கு எல்லை விவரத்துக்கு) அடுத்த வரியிலேயே கிடங்கு என்று இருக்கிறது. அகலம் 3 துவாஸ் 2 அடி, அதாவது 20 பிரெஞ்சு அடி. உள்ளே டேப்பைப் பிடித்தால் ஆறரை மீட்டர், சொல்லிவைத்தாற்போல் பொருந்தியது. ஆக, பத்திரம் சொல்வதும் நாம் நிற்பதும் ஒரே கட்டடம்.

சன்னல் ஓரத்தில் சிமெண்ட் பூச்சைக் கொஞ்சம் கொத்திப் பார்த்தோம். கட்டும்போதே விட்ட திறப்பாக இருந்தால் ஓரத்துச் செங்கல் ஒழுங்காகக் கட்டு சேர்ந்து முடிந்திருக்கும். இங்கே பாதியில் வெட்டுப்பட்ட கற்கள், இடுக்கில் சிமெண்ட். பின்னாளில் உடைத்து வைத்த சன்னல்கள்தான். அசல் திறப்புகள் மேலே, கூரைக்கு ஒரு முழம் கீழே, சின்னச் சின்னக் காற்றுத் துளைகளாகச் செங்கல் வைத்து அடைத்துக் கிடந்தன. அதற்கு மேல் மதராஸ் தளம்: தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, தட்டோடு பதித்தது. சட்டங்கள் வழக்கத்தைவிட நெருக்கமாகவே இருந்தன. மாடியிலும் பாரம் ஏற்றியிருப்பார்கள் என்பது என் ஊகம். ஊகம் என்றே அறிக்கையிலும் எழுதினேன்.

உரிமையாளர் முகம் சுருங்கியது உண்மை. புதுச் சன்னல் வேண்டாம், அடைத்த காற்றுத் துளைகளைத் திறப்போம், வெளிச்சத்தை முற்றத்திலிருந்து எடுப்போம் என்று முடிவாயிற்று. இருக்கும் சன்னல்களை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. அடைக்கலாம் என்றார்கள் சிலர். அவையும் கட்டடத்தின் வாழ்க்கைதானே என்று நான் விட்டுவிடச் சொன்னேன். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச விதித்தொகுப்பான 1964 வெனிஸ் சாசனத்தின் ஒன்பதாவது பிரிவு, ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. கதவின் வடிவத்துக்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. எனவே பழையது போல ஒன்றைச் செதுக்கவில்லை, பார்த்தாலே புதிது என்று தெரிகிற எளிய மரக் கதவைப் போட்டோம்.

கடற்கரைச் சாலையில் இருந்த மேரி (பிரெஞ்சுக் கால நகராட்சி) கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து, அதே தோற்றத்தில் திரும்பக் கட்டப்பட்டு 2021-ல் திறக்கப்பட்டது. ஊரே படம் பிடித்து வைத்திருந்த கட்டடம் அது. உங்கள் வீட்டுக்கு அந்த வசதி கிடையாது.

அதனால் பீரோவைத் திறங்கள். பிரெஞ்சுப் பத்திரம் ஏதாவது இருந்தால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூட்டிலும் பசையிலும் பழைய தாள் வீணாகிவிடும், பிரிக்கவும் முடியாது. செல்லோ டேப்பும் ஆகாது. சன்னலோரம் நிழல் வெளிச்சத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் செல்போனில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள்: முத்திரை, ஓரக் குறிப்பு, அடுத்த விற்பனையின் தேதி எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருப்பார்கள். இடிக்கும் ஆள் வருவதற்கு முன்னால் அதைப் பழைய பிரெஞ்சுக் கையெழுத்துப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.